சேர் பொன்னம்பலம் அருணாசலம்: இளைப்பாறிய பின்னர்

இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருள் உத்தியோகத்தினின்றும் இளைப்பாறி உபகாரச் சம்பளம் பெறுவோர் தொகை சிறிதன்று. பென்சன்காரர் என்ற பெயருக்கு நம்மூர்களில் ஒரு தனி மரியாதை உண்டு. சிறிது கேலியும் உண்டு. காலையிற் பத்திரிகை, மாலையிற் கோயில் வீதி, இடையிலே எல்லைவேலி வழக்கு என்று கழிந்த முதுமைகளை நாம் கண்டிருக்கின்றோம். மலாயாவில் உழைத்து மீண்டு வந்து, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடமும் கோயிலுக்குத் திருப்பணியும் ஊருக்கு வாசிகசாலையும் ஆக்கித் தந்த முதுமைகளையும் கண்டிருக்கின்றோம். இவற்றுள் இரண்டாவது வழியிலே, ஓரூருக்காக அன்றி நாடு முழுவதற்குமாக நடந்த ஒரு பெரியாரின் சரிதத்தை இங்கே சொல்லப் புகுகின்றோம்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் பெயரை அறியாதார் நம்முள் இலர். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்றும், பல்கலைக்கழக இயக்கத்தின் தந்தை என்றும் மாணவர் பாடத்திலே படிக்கின்றனர். ஆயினும் அவர் வரலாற்றில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவர் அரசாங்க உத்தியோகத்தினின்றும் இளைப்பாறியது 1913 ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது அறுபது. இவ்வுலக வாழ்வை நீத்தது 1924 ஆம் ஆண்டு சனவரி 9 ஆந் தேதி. இன்று நாடு அவரை நினைவுகூருங் காரியங்களுட் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளிலே செய்யப்பட்டவை.

முற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்வோம். கொழும்பில் வாழ்ந்த முதலியார் பொன்னம்பலம் அவர்களுக்கு மூன்றாம் புதல்வராக 1853 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆந் தேதி அவர் பிறந்தார். குமாரசுவாமி, இராமநாதன் இருவரும் தமையன்மார். சேர் முத்துக்குமாரசுவாமி தாய்மாமன். பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிற் பயின்று, புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, கிறைஸ்ற்ஸ் கல்லூரியிற் கற்றார். 1875 ஆம் ஆண்டில், போட்டிப் பரீட்சையின் வழியாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையோடு நாடு திரும்பினார். நீதிபதியாகப் பல இடங்களிற் கடமையாற்றினார். தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தபோது, சேவையில் மூத்த ஆங்கில உத்தியோகத்தர் முணுமுணுத்தனர். ஒழுங்கு குலைந்து கிடந்த அந்தக் கந்தோரைச் சீர்செய்து காட்டியதே அவர் அவர்களுக்கு அளித்த மறுமொழி. 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தி அவர் எழுதிய அறிக்கை வெறும் எண்களின் அடுக்கன்று; இந்நாட்டின் வரலாறும் மக்களின் வழக்கங்களும் மொழிகளும் அதனுள்ளே அடங்கின. 1906 இற் சட்டநிரூபண சபையிலும், 1912 இல் நிருவாக சபையிலும் அங்கத்துவம் பெற்றார்.

முப்பத்தெட்டு ஆண்டுச் சேவை. அக்காலமெல்லாம் அரசியல் விஷயங்களில் அவர் வாய் கட்டப்பட்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அரசாங்க ஊழியர் அரசாங்கத்தின் போக்கைப் பொது மேடையிற் கண்டித்தல் அடாது என்பது விதி. கல்வி சம்பந்தமான முயற்சிக்கு அத்தடை அவ்வளவு இறுக்கமாக இருக்கவில்லை. ஆதலாற்றான் 1906 ஆம் ஆண்டிலே, உத்தியோகத்தில் இருந்துகொண்டே, இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்னுஞ் சங்கத்துக்கு அவர் தலைமை தாங்க முடிந்தது. ஏனையவற்றை மனத்தினுள்ளே அடக்கி வைத்திருந்தார். ஆங்கில நாட்டுச் சமதரும எழுத்தாளர் எட்வேட் காப்பென்றர் அவருடைய கேம்பிரிட்ஜ்க் காலத்து நண்பர். அவருக்கு எழுதிய கடிதங்களிலே ஞான விசாரத்தோடு உலக நடப்புப் பற்றிய சிந்தனையும் கலந்திருந்தது. ஆயினும் கடிதம் வேறு, மேடை வேறு.

1914 இற் சேர் பட்டம் வந்தது. கொழும்பிலே வசதியான இல்லம், நிறைந்த நூல்நிலையம், திருவாசகத்திலும் சைவ சித்தாந்தத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு, தமையனாரின் புகழ் எல்லாம் இருந்தன. இத்தகைய நிலையிலுள்ள ஒருவர் இரண்டொரு பரிசளிப்பு விழாவிற்குத் தலைமை தாங்கி, மாலையைச் சூடிக்கொண்டு வீடு திரும்பினால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். அவரோ 1915 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடக்கினார்.

இச்சங்கத்தைப் பற்றி நம் சரித்திர நூல்கள் ஒரு வரியோடு அமைந்துவிடுகின்றன. எமக்கோ, காங்கிரசைத் தோற்றுவித்ததிலும் இதுவே அவருடைய உள்ளத்தை நன்கு காட்டுவதாகத் தோன்றுகின்றது. கொழும்பின் நெருக்கமான குடியிருப்புக்களில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிதல், அவர்களுக்கு இராப் பாடசாலைகள் நடத்துதல், நோயாளருக்கு மருந்து கிடைக்கச் செய்தல், கட்டாயக் கல்வியையும் தொழிற் கல்வியையும் வற்புறுத்தல் என்பன அதன் வேலைகள். உழைப்பாளிக்கு இவ்வளவுக்குக் குறையாத கூலி என்று ஓர் எல்லை வகுக்கப்பட வேண்டும் என்ற எண்ணமும் அங்கே பேசப்பட்டது. 1915 இல் இது எத்துணைப் புதுமை என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். படித்தோர் சங்கங்கள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவை சபையில் ஆசனங்களும் உயர்ந்த உத்தியோகங்களுமே. பதிவாளர் நாயகமாகப் பிறப்பையும் இறப்பையும் பல்லாண்டு எண்ணிக் கணக்கெடுத்த ஒருவர், அக்கணக்குப் புத்தகத்தினுள்ளே பெயராக மட்டும் கிடந்த மனிதரை இப்போது தேடிப் போனார் என்று நாம் கருதுகின்றோம். உத்தியோகத்திற் கற்ற பழக்கம் வீண்போகவில்லை. விவரம் சேர்த்தல், ஒழுங்காகக் குறித்தல், பொறுப்பாளரை நியமித்துக் கணக்குக் கேட்டல் ஆகிய கந்தோர் முறைகளையே அவர் அறத்துக்கு ஏவல் செய்வித்தார். நல்லெண்ணத்தோடு தொடங்கிக் கூட்டக் குறிப்புப் புத்தகமும் இல்லாமல் மறைந்துபோகும் நம்மூர்ச் சங்கங்கள் சிலவற்றின் நினைவு இவ்விடத்தில் எமக்கு வருவது தவிர்க்க முடியாதது.

அவ்வாண்டு மே மாத இறுதியிற் கலகம் மூண்டது. இராணுவச் சட்டத்தின் கீழே சிங்களத் தலைவர் பலர் சிறைப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். இராமநாதன் சட்டநிரூபண சபையிலும் பின்னர் இங்கிலாந்திலும் அவர்களுக்காக வாதாடியதை நாடறியும். தம்பியாருக்கோ, மக்கள் பிரதிநிதிகளுக்குப் பொறுப்பில்லாத ஆட்சி எத்தகையது என்பதை அந்நிகழ்ச்சிகள் ஐயமின்றி உணர்த்தின. 1917 ஆம் ஆண்டு ஏப்ரிலில் இலங்கையின் அரசியல் தேவைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை, பிற்காலத்துச் சீர்திருத்தக் கிளர்ச்சிக்கெல்லாம் தோற்றுவாய் ஆயிற்று. அதே ஆண்டில் இலங்கைச் சீர்திருத்தச் சங்கம் நிறுவப்பட்டது. அதே காலத்தில் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைக்குத் தலைவராகும் முதல் இலங்கையராகவும் அவர் தெரிவுசெய்யப்பட்டார். பொலனறுவையிற் கண்டெடுக்கப்பட்ட வெண்கலத் திருமேனிகளைப் பற்றியும் சிவ வழிபாட்டின் தத்துவத்தைப் பற்றியும் அச்சங்கத்தின் ஏட்டில் விரிவாக எழுதினார். அறுபது வயதின் பின் மனம் ஒன்றிலேதான் ஊன்றும் என்பவர்கள் இந்த ஒரு காலப்பகுதியை மட்டும் நோக்கினாற் போதும்.

1919 ஆம் ஆண்டு திசெம்பர் 11 ஆந் தேதி கூடிய இலங்கைத் தேசிய காங்கிரசின் கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணச் சங்கத்தாரையும் தெற்கிலுள்ள தலைவர்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். மேல் மாகாணத்துத் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று தரப்பட்ட வாக்குறுதியின் பேரிலேயே வடக்கு இணங்கியது. அதற்கு இடையே நின்று இணக்கியவரும் அவரே. வாக்குறுதி காக்கப்படவில்லை. 1921 இல் அவர் காங்கிரசை விட்டு விலகினார். ஆசனம் போனதினும், தமது சொல்லை நம்பியவர்களிடம் அச்சொல் பொய்யாய்ப் போனதே அவரை வருத்தியிருக்கும் என்பது எமது எண்ணம். அறுபத்தேழு வயதிலே தாம் கட்டிய வீட்டினின்றும் தாமே வெளியேறுவது எளிதான காரியமன்று. பலர் அத்தகைய வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவர்.

அவர் அவ்வாறு இருந்துவிடாமைக்குக் காரணம், அரசியலைத் தவிர வேறொரு வேலையும் அவர் கையில் இருந்தமையே. 1919 இல், காங்கிரசுக்கு முன்னரே, இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அவர் நிறுவியிருந்தார். மலைநாட்டுத் தமிழராகிய இளஞ்சட்டவறிஞர் பெரி சுந்தரம் அதன் காரியதரிசி. தோட்டத் தொழிலாளரின் அக்கால நிலையை இளைய மாணவர் அறியும் பொருட்டுச் சிறிது சொல்லுதல் வேண்டும். ஒப்பந்தத்தை மீறினான் என்ற குற்றத்துக்காக, வேலையை விட்டு நீங்கிய கூலியாளைச் சிறைக்கு அனுப்பச் சட்டம் இடமளித்தது. பெண்களும் இதற்கு விலக்கல்லர். அதனோடு துண்டு முறை என ஒன்றிருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின், அவன் தலைமேலுள்ள கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். புதிய தோட்டத்தார் அக்கடனைச் செலுத்தினாலே அவன் விடுவிக்கப்படுவான். செலுத்திய தொகையோ மீண்டும் அவன் கணக்கில் ஏறும். துரை மாறினும் கங்காணி மாறினும் கடன் மாறுவதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் அவனோடு கூடவே நடந்து சென்றது.

நீதிபதி ஆசனத்திலே பல்லாண்டு இருந்தவருக்கு, ஏழையின் மேற் சட்டம் எவ்வளவு பாரமாக விழும் என்பது புத்தகத்திலே படித்தறிய வேண்டிய பொருளாக இருக்கவில்லை. அவர் எழுதினார், அதிகாரிகளிடம் முறையிட்டார், சிறையிடப்பட்டவர்களின் வழக்குக்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1920 இல் தொழிலாளர் சம்மேளனம் ஒன்றுக்கும் தலைமை ஏற்றார். 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் துண்டு முறை ஒழிந்தது. சிறைத் தண்டனை விதிகளும் அதனையடுத்து நீங்கின. இவ்வெற்றி முழுவதும் அவரொருவருடையது என்று சொல்வது முகமனாகும். இந்தியாவிலிருந்து வந்த வற்புறுத்தலும் அதற்குப் பெருங்காரணம். ஆனால் இலங்கையில் உயர்குடியிற் பிறந்து உயர்பதவியும் வகித்த ஒருவர், வாக்குரிமையும் இல்லாத அம்மக்களுக்காகப் பேச முன்வந்தது அக்காலத்திற் பெரிதும் அருமையான செயல். அவர்களால் அவருக்கு ஓர் ஆசனமோ ஒரு மாலையோ கிடைக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் நாம் கவனிக்கின்றோம். அவர் தொடங்கிய சங்கங்களில் முதியவர் தலைமையும் இளைஞர் உழைப்பும் சேர்ந்திருந்தன. தம் வயதொத்தாரை மட்டும் கூட்டிவைத்துப் பழங்கதை பேசும் சபைகளாக அவற்றை அவர் அமைக்கவில்லை.

1923 இல் இலங்கைத் தமிழ் மக்கள் சங்கத்தை நிறுவினார். அதன் பின்னர் இந்தியத் தலங்களைத் தரிசிக்க யாத்திரை சென்றார். அவ்யாத்திரையிலே மதுரையில் அவர் ஆவி பிரிந்தது. அவர் காப்பென்றருக்கு எழுதிய கடிதங்கள் 1927 இல் நூலாயின. தமிழிலிருந்து அவர் செய்த மொழிபெயர்ப்புக்களும் ஆராய்ச்சிகளும் 1937 இல் வெளிவந்தன. அவர் கோரிய பல்கலைக்கழகம், அவர் கண்முன்னே 1921 இற் கல்லூரியாகத் தொடங்கி, 1942 இல் முழுமை பெற்றது. பேராதனையில் மாணவர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வகுக்கும் சட்டம் 1927 இல் வந்தது. அவருக்குக் காரியதரிசியாக இருந்த பெரி சுந்தரம், 1931 ஆம் ஆண்டிலே அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தகம் ஆகியவற்றுக்கு முதல் மந்திரியாக அமர்ந்தார்.