ஓட்டை விழுந்த குறிப்பேடு

இச்சையடக்கம் என்றால் மதுவைத் தொடாதிருப்பது என்றே விடுதிக் காலத்தில் நினைத்திருந்தோம். பெண்பிள்ளைகளுக்கு இதை ஏன் சொல்கிறார்கள் என்று இரகசியமாகச் சிரித்ததும் உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளினின் தன்வரலாற்றைக் கல்லூரி நூலகத்தில் எடுத்து வாசித்தபின்தான் அந்தச் சொல்லின் அகலம் விளங்கியது.

1706 இல் பொஸ்ரனில், மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்தவரின் 15ஆவது பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு இரண்டே வருடம். தமையனின் அச்சகத்தில் தொழில் பழகும்போது, 16 வயதளவில் மரக்கறிச் சாப்பாட்டுக்கு மாறி, உணவுக்கென்று கிடைத்த பணத்தில் பாதியை மிச்சம்பிடித்துப் புத்தகம் வாங்கினார். பின்பு இலண்டன் அச்சகமொன்றில் உடன்வேலையாட்கள் பலத்துக்கென்று பியர் குடித்தார்கள். ஒருவர் நாளொன்றுக்கு ஆறு பைந்து. தண்ணீர் குடித்த இவரைக் கேலிசெய்தார்கள். அவர்கள் இரண்டு கைகளாலும் தூக்கிய அச்செழுத்துச் சட்டத்தை இவர் கைக்கொன்றாகத் தூக்கிப் படியேறினார்.

பிலடெல்பியாவில் சொந்த அச்சகம் நடத்திய இளவயதில் 13 நற்குணங்களைக் குறித்து, வாரத்துக்கு ஒன்றாகப் பழக முனைந்தார். முதலாவது இச்சையடக்கம்: உண்பதிலும் குடிப்பதிலும் மட்டாயிருத்தல். தலை தெளிவாயிருந்தால்தான் மற்றவை கைகூடும் என்பது அவர் கணக்கு. சிவப்புக் கோடிட்ட சிறு குறிப்பேட்டில் தவறுக்கொரு கறுப்புப் புள்ளி. ஒரு சுற்று முடிந்ததும் புள்ளிகளைச் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவார். சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை விழ, ஈரத்தால் துடைக்கக்கூடிய யானைத்தந்தத் தகடுகளுக்கு மாறினார். தன்னிடம் இவ்வளவு குறை இருக்குமென்று எண்ணவேயில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். எங்களுக்குப் பிடித்தது அந்த ஓட்டைகள்தான். பொருட்களை ஒழுங்காக வைப்பதோ அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை; எங்கள் மேசை லாச்சிகளை நினைத்து ஆறுதலடைந்தோம்.

அவர் மதுவை முற்றாக விலக்கியவருமல்லர். முதுமையில் அமெரிக்காவின் தூதராகப் பிரான்சில் இருந்தபோது விருந்தும் வைனும் சதுரங்கமும் விருப்பம். நடக்க மட்டும் பஞ்சி. 1780 இல் கீல்வாதம் அவரை வாட்டியது. அந்த நோயே எதிரே நின்று, மிதமிஞ்சிச் சாப்பிட்டதற்கும் உலாவப் போகாமல் சதுரங்கப் பலகை முன் குந்தியிருந்ததற்கும் தன்னைக் கண்டிப்பதாக ஓர் உரையாடல் எழுதினார். இனி மட்டாக வாழ்வேன் என்று, தன் பட்டியலின் முதற் குணத்தையே 74 வயதில் திரும்பவும் வாக்குக் கொடுக்கிறார். நோய் நம்பவில்லை, சுகமாகிச் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடுவார் என்கிறது. அதன்பின்னும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வாழ்ந்து, 1790 ஏப்ரலில் பிலடெல்பியாவில் காலமானார்.