சிகரம் தொட்ட டென்சிங்



கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் அலையில் கால் நனைத்து விளையாடியிருப்பீர்கள். மலைகளின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்துதான் அளக்கிறார்கள். அப்படிப் பார்த்தால், அலையில் நிற்கும் உங்கள் பாதம் இருப்பது ஏறக்குறைய பூஜ்யம் உயரத்தில்!

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். அது ஒரு மேடு, அவ்வளவே. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படியேறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். உலகிலேயே உயர்ந்த எவரெஸ்ட் சிகரமோ 8,848.86 மீட்டர். அதாவது 29 ஆயிரம் அடிக்கும் மேல். அந்த உச்சியில் முதன்முதலில் கால் பதித்த இருவரில் ஒருவர் டென்சிங் நார்கே. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. பிறர் மூட்டையைச் சுமந்து பிழைத்தவர். அவர் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மாடு மேய்த்த சிறுவன்

டென்சிங் பிறந்தது 1914-ஆம் ஆண்டு. தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. பிறந்தபோது வயலில் என்ன பயிர் நின்றது, வானிலை எப்படி இருந்தது என்று பெரியவர்கள் சொன்னதை வைத்து, மே மாதக் கடைசி என்று அவரே கணக்கிட்டுக் கொண்டார். வீட்டில் மொத்தம் 13 குழந்தைகள். அவர் 11-வது பிள்ளை. அண்ணன், அக்காள்களில் பலர் சிறு வயதிலேயே இறந்து போனார்கள்.

பெற்றோர் முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. பிறகு புத்த மடத்துத் தலைமைத் துறவி ஒருவரின் சொற்படி டென்சிங் நார்கே என்று மாற்றினார்கள். நார்கே என்றால் பேறு பெற்றவன் என்று பொருள்.

நேபாளத்தில் தாமே என்ற மலைக் கிராமத்தில் அவர் வளர்ந்தார். அப்பா யாக் என்னும் சடைமாடுகளை வைத்திருந்தார். அவற்றை மேய்ப்பது டென்சிங்கின் வேலை. மாடுகள் உயரம் உயரமாகப் புல் தேடிப் போகும். பையனும் பின்னாலேயே ஓடுவான். மேய்ச்சல் நிலத்திலிருந்து நிமிர்ந்தால் எவரெஸ்ட் தெரியும். ஷெர்பா மக்கள் அதைச் சோமோலுங்மா என்று தெய்வமாக வணங்குவார்கள். எந்தப் பறவையும் பறந்து கடக்க முடியாத மலை என்று அம்மா சொல்லிக் கொடுத்தார். அந்தச் சொல் பையனின் மனதில் ஒட்டிக்கொண்டது.

துறவியாக்க மடத்தில் சேர்த்தார்கள். அங்கே அவன் மனம் ஒட்டவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டான். சுமார் 13 வயதில் யாருக்கும் சொல்லாமல் காட்மாண்டுவுக்கு ஓடிப்போனான். ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். 18 வயதில் நண்பர்களுடன் மலைகளைக் கடந்து இந்தியாவிலுள்ள டார்ஜிலிங்குக்கு வந்து சேர்ந்தான்.

கிடைத்தது முதல் வாய்ப்பு

அந்தக் காலத்தில் எவரெஸ்ட் ஏறும் குழுக்கள் டார்ஜிலிங்கில்தான் ஷெர்பாக்களை வேலைக்கு எடுப்பார்கள். 1933-இல் டென்சிங் முயன்றார். எடுக்கவில்லை. மாடுகளைப் பார்த்துக்கொண்டும் பால் விற்றுக்கொண்டும் காத்திருந்தார்.

1935-இல் எரிக் ஷிப்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு குழுவுக்கு ஆள் எடுத்தார். வரிசையில் நின்றவர்களில் பலர் அனுபவச் சான்றிதழ் வைத்திருந்தார்கள். டென்சிங்கிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு மலர்ந்த சிரிப்புதான். அந்தச் சிரிப்பு ஷிப்டனுக்குப் பிடித்துப்போயிற்று. கடைசி நேரத்தில் டென்சிங்கையும் சேர்த்துக்கொண்டார்.

1936, 1938 குழுக்களிலும் டென்சிங் போனார். எவரெஸ்ட்டில் மிக உயரமான முகாம் வரை சுமை தூக்கியதற்காக 1938-இல் புலிப் பதக்கம் பெற்றார். ஆனாலும் அவர் சுமை தூக்குபவர்தானே? மற்ற சுமைக்காரர்கள் கூலியோடு வேலை முடிந்தது என்று திரும்பினார்கள். டென்சிங் மட்டும் ஒவ்வொரு முறையும் உச்சியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

உச்சிக்குப் போவதை விடப் பெரியது

இரண்டாம் உலகப் போரின்போது சித்ரால் என்ற இடத்தில் வேலை செய்தார். 1944-இல் அங்கே அவருடைய மனைவி இறந்துபோனார். பெம் பெம், நீமா என்ற இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளுடன் டார்ஜிலிங் திரும்பினார்.

1947-இல் கேதார்நாத் மலையில் ஒரு சுவிஸ் குழுவுடன் சென்றார். ஷெர்பாக்களின் தலைவரான வாங்டி நோர்பு உயரத்திலிருந்து விழுந்து படுகாயம் அடைந்தார். டென்சிங் போய் அவரை மீட்டுக் கொண்டுவர உதவினார். பிறகு அவரே தலைவர் பொறுப்பை ஏற்றார்.

1951-இல் ஒரு பிரெஞ்சுக் குழுவுடன் நந்தாதேவிக்குப் போனார். இரண்டு வீரர்கள் மேலே போனார்கள், திரும்பவே இல்லை. அவர்களைத் தேடி லூயி துபோஸ்ட் என்பவருடன் டென்சிங் கத்தி முனை போன்ற பனி முகட்டில் ஏறினார். நந்தாதேவி கிழக்குச் சிகரத்தின் உச்சி வரை போயும் அந்த இருவரும் கிடைக்கவில்லை. தம் வாழ்நாளில் மிகக் கடினமான ஏற்றம் எவரெஸ்ட் அல்ல, இதுதான் என்று டென்சிங் பின்னாளில் கருதினார். மலையில் ஒரு சின்னத் தவறு கூட உயிரை வாங்கிவிடும் என்பதை அவர் கண்ணால் கண்டவர்.

மொழி தெரியாத நண்பர்கள்

1952-இல் சுவிஸ் குழு எவரெஸ்ட் ஏற வந்தது. அவர்கள் டென்சிங்கை வெறும் சுமைக்காரராக நடத்தவில்லை. மலையேறும் உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டார்கள். அங்கேதான் அவருக்கு ரேமண்ட் லாம்பெர்ட் என்ற உயிர் நண்பர் கிடைத்தார்.

லாம்பெர்ட்டுக்குக் கால் விரல்களே கிடையாது! முன்பு ஒரு மலையில் பனிக்கடியால் விரல்கள் கெட்டுப்போக, அவற்றை வெட்டி எடுத்திருந்தார்கள். குட்டையான காலணி போட்டுக்கொண்டு அவர் மலையேறினார். அவருடைய மொழி டென்சிங்குக்குத் தெரியாது. டென்சிங்கின் மொழி அவருக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் நினைப்பது மற்றவருக்குப் புரிந்தது.

மே 27-ஆம் தேதி இரவு. சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னக் கூடாரம். படுக்கைப் பை இல்லை, அடுப்பும் இல்லை. மெழுகுவர்த்தியில் பனிக்கட்டியை உருக்கிச் சில வாய் தண்ணீர் குடித்தார்கள். தூங்கினால் விறைத்துவிடும் என்பதால், விடியும்வரை ஒருவர் உடம்பை மற்றவர் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் ஏறினார்கள். கடைசியில் தவழ்ந்தே போனார்கள். உச்சிக்கு இன்னும் சுமார் 250 மீட்டர்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் போனால் ஏறலாம், உயிரோடு இறங்க முடியாது. இருவரும் திரும்பினார்கள். கைக்கு எட்டியதை விட்டுவிட்டு இறங்க எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். லாம்பெர்ட் தம்முடைய சிவப்புக் கழுத்துத் துணியை நண்பருக்குக் கொடுத்தார்.

ஏழாவது முறை

1953-இல் ஜான் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு வந்தது. டென்சிங்குக்கு இது எவரெஸ்ட்டில் ஏழாவது முயற்சி. வயது 39.

தொடக்கமே சரியில்லை. காட்மாண்டுவில் ஷெர்பாக்களைக் கார் நிறுத்தும் கொட்டகையில் தங்கவைத்தார்கள். அவர்கள் மனம் புண்பட்டது. தம் மக்களின் தன்மானம் ஒருபக்கம், பயணம் கெடக்கூடாதே என்ற கவலை மறுபக்கம். நடுவில் நின்று இருபக்கமும் பேசிச் சமாதானம் செய்யும் வேலை டென்சிங்குக்கு வந்தது.

குழுவில் 400-க்கும் அதிகமானோர் இருந்தார்கள். அவர்களில் 362 பேர் சுமை தூக்குபவர்கள். மூட்டைகளின் எடை சுமார் நாலரை டன்! நம் கடற்கரையில் பலர் சேர்ந்து வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? கரையில் கயிறு பிடிப்பவரும் இல்லாமல் மீன் வராது. மலையும் அப்படித்தான். இரண்டு பேர் உச்சியில் நிற்க, நூற்றுக்கணக்கானோர் கீழே தோள் கொடுக்க வேண்டும்.

ஒருநாள் எட்மண்ட் ஹிலாரி என்ற நியூசிலாந்து வீரர் பனிப் பிளவு ஒன்றைத் தாண்டினார். அவர் கால் வைத்த பனிப்பாளம் உடைந்து, அவரோடு உள்ளே விழுந்தது. அவரோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்த டென்சிங், நொடியில் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கினார். ஹிலாரி உயிர் பிழைத்தார். அன்றிலிருந்து இருவரும் இணைபிரியாத ஜோடி ஆனார்கள்.

எவரெஸ்ட் ஏற மே மாதத்தையே ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா? உச்சியில் ஆண்டின் பெரும்பகுதியும் சூறைக்காற்று வீசும். பருவமழை தொடங்குவதற்கு முன், மே கடைசியில் சில நாட்கள்தான் அது ஓயும். நமக்குக் கோடை விடுமுறை நடக்கும் அதே நாட்கள்!

மே 26 அன்று பூர்டில்லன், எவான்ஸ் என்ற இருவர் முதலில் முயன்றார்கள். உச்சிக்கு சுமார் 100 மீட்டர் கீழே வரை போய், ஆக்சிஜன் கோளாறால் திரும்பினார்கள். அடுத்த முறை ஹிலாரிக்கும் டென்சிங்குக்கும். மே 28 இரவு சுமார் 8,500 மீட்டர் உயரத்தில் தங்கினார்கள். காலையில் பார்த்தால், ஹிலாரியின் காலணிகள் கல்லாக உறைந்திருந்தன. அடுப்பில் காட்டி இளக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. 6.30 மணிக்குப் புறப்பட்டார்கள். அங்கே ஒருமுறை மூச்சு இழுத்தால், கடற்கரையில் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன்தான் கிடைக்கும். அதனால் முதுகில் ஆக்சிஜன் உருளை.

1953 மே 29, காலை 11.30 மணி. அதற்கு மேல் ஏற இடம் இல்லை!

இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். உச்சியில் இருந்தது 15 நிமிடம். டென்சிங் பனியில் சிறு குழி தோண்டி, இனிப்புகளையும் மகள் நீமா கொடுத்தனுப்பிய பென்சிலையும் வைத்து வணங்கினார். கழுத்தில் லாம்பெர்ட்டின் சிவப்புத் துணி. உயர்த்திய பனிக்கோடரியில் ஐக்கிய நாடுகள் சபை, பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகள். இந்தியக் கொடி, டார்ஜிலிங் நண்பர் ஒருவர் கொடுத்தது. ஹிலாரி டென்சிங்கைப் படம் எடுத்தார். உச்சியில் ஹிலாரி நிற்கும் படம் கிடையாது.

செய்தியை ஒரு ஓட்டக்காரர் மலைப்பாதையில் சுமந்துகொண்டு ஓடி, நாம்சே கிராமத்தின் கம்பியில்லாத் தந்தி நிலையத்தில் சேர்த்தார். ஜூன் 2 காலை உலகமே அறிந்தது.

யார் முதலில்?

கீழே இறங்கியதும் புதுத் தொல்லை தொடங்கியது. முதலில் கால் வைத்தது யார் என்று எல்லோரும் கேட்டார்கள். டென்சிங் எங்கள் நாட்டவர் என்று நேபாளமும் இந்தியாவும் உரிமை கொண்டாடின. டென்சிங்தான் முதலில் என்று சொல்லச் சொல்லிக் கூட்டம் நெருக்கியது. இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே சென்றோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

1955-இல் வெளிவந்த தன் வரலாற்றில் டென்சிங் உண்மையைச் சொல்லிவிட்டார். கயிற்றில் முன்னால் இருந்த ஹிலாரிதான் ஒரு அடி முன்னதாகக் கால் வைத்தார், தாம் அடுத்து வைத்தார். அவர் பொய் சொல்லியிருந்தால் கோடிப் பேர் நம்பியிருப்பார்கள். ஆனால் கயிற்றின் மறுமுனையில் இருந்த நண்பருக்கு அது துரோகம் அல்லவா? இரண்டாவது என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு வெட்கமே இல்லை. இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

ஆசிரியர் டென்சிங்

பிரதமர் நேரு டென்சிங்கை மிகவும் நேசித்தார். தம்முடைய சொந்த உடைகளையே அவருக்குக் கொடுத்தார். அளவும் சரியாக இருந்ததாம்! 1954 நவம்பர் 4-ஆம் தேதி டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே களப்பயிற்சியின் முதல் இயக்குநர் டென்சிங். பள்ளி வாசலை மிதிக்காதவர், சுவிட்சர்லாந்து சென்று தாமே மாணவராகப் பயின்று, பிறகு ஆசிரியர் ஆனார்! 1976 வரை அங்கே பணியாற்றினார். எழுதத் தெரியாவிட்டாலும் பல மொழிகள் பேசுவார்.

1959-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1986 மே 9 அன்று டார்ஜிலிங்கில் காலமானார். அப்போது இந்தியாவில் நியூசிலாந்தின் தூதராக இருந்த ஹிலாரி, நண்பரின் இறுதிச் சடங்குக்கு வந்து நின்றார்.

மாணவர்களே, 2023 மே மாதத்தில் சென்னை அருகே கோவளம் கடற்கரைக் கிராமத்தின் ராஜசேகர் பச்சையும், விருதுநகர் மாவட்டத்தின் முத்தமிழ்ச்செல்வியும் எவரெஸ்ட் ஏறினார்கள். கடலோரப் பிள்ளைக்கு மலை எதற்கு என்று இனி யாரும் கேட்க முடியாது. விடுமுறையில் நண்பர்களோடு மலைக்குப் போனால் பெரியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவனை விட்டுவிட்டு யாரும் முன்னால் ஓடாதீர்கள்.

டென்சிங் துளிகள்

* பிறந்த தேதி தெரியாததால், எவரெஸ்ட் ஏறிய மே 29-ஐயே பிறந்தநாளாக வைத்துக்கொண்டார்.

* அவருடைய மகன் ஜாம்லிங் 1996-இல் எவரெஸ்ட் ஏறினார்.

* சாகச வீரர்களுக்கு இந்திய அரசு தரும் தேசிய விருது டென்சிங் பெயரில் உள்ளது.

* 2003 முதல் எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து நாம்சே வரை, 42 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டப் பந்தயம் நடத்தப்படுகிறது. அதற்கு டென்சிங் - ஹிலாரி மாரத்தான் என்று பெயர்.

* புளூட்டோவில் உள்ள உயரமான மலைத்தொடருக்கு 2017-இல் டென்சிங்கின் பெயரை அதிகாரப்பூர்வமாகச் சூட்டினார்கள். அருகிலுள்ள மற்றொரு மலைத்தொடருக்கு ஹிலாரியின் பெயர்!