எர்ரர் வந்தா பயப்படாதீங்க: ஜான் கெமெனியின் கதை

ஃபர்ஸ்ட் இயர் லேப்ல முதல் தடவை பைத்தான் ஷெல்லைத் திறந்தப்போ எனக்கு ஒரே பயம். தப்பா ஏதாவது டைப் பண்ணி சிஸ்டம் கெட்டுப்போச்சுன்னா? 2+3 அடிச்சு எண்டர் தட்டினேன். உடனே 5 வந்தது. அப்பாடான்னு இருந்தது. டைப் பண்ணினதும் பதில் வரும் இந்த வசதியை எல்லா மாணவர்களுக்கும் கொடுக்கணும்னு நினைச்ச ஒருத்தர் இருந்தார். அவர்தான் ஜான் கெமெனி.

1926-ல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகளுக்குப் பயந்து 1940-ல் குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. வர மறுத்த தாத்தா இனப்படுகொலையில் இறந்துபோனார். பிரின்ஸ்டனில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது ராணுவம் கெமெனியை அழைத்து லாஸ் அலமோஸ் அணுகுண்டுத் திட்டத்துக்கு அனுப்பியது. அங்கே அவருக்கு பாஸ் ரிச்சர்ட் ஃபெயின்மேன்! வேலை, பஞ்ச் கார்டு இயந்திரங்களை வைத்து இரவு பகலாகக் கணக்குப் போடுவது. பிறகு ஐன்ஸ்டீனுக்கு உதவியாளராக இருந்தார். 1949-ல் டாக்டர் பட்டம். 1953-ல், 27 வயசுலயே டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியர்.

அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதினால் அதைக் கார்டுகளில் துளைத்து ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கணும். விடை வர பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். ஒரு கமா விட்டுப்போனாலும் மறுபடி முதல்ல இருந்து. இப்படி இருந்தால் யாருக்குத்தான் தப்பு செய்து கத்துக்கத் தைரியம் வரும்?

கெமெனியும் அவருடைய சக பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கம்ப்யூட்டர், அறிவியல் படிக்கிறவங்களுக்கு மட்டும் இல்லை. வரலாறு, இலக்கியம் படிக்கிறவங்களுக்கும் வேணும். அதற்காக எளிய ஆங்கிலச் சொற்களை வைத்து பேசிக் மொழியை உருவாக்கினார்கள். முதல் கம்பைலரை கெமெனியே எழுதினார். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சிஸ்டத்தை எழுதியது யார் தெரியுமா? நம்மை மாதிரி இளநிலை மாணவர்கள்தான்.

1964 மே 1, அதிகாலை 4 மணி. இரண்டு டெர்மினல்களில் ஒரே நேரத்தில் ரன் என்று அடித்தார்கள். இரண்டிலும் சரியான விடை வந்தது. இன்றைய ஷெல் போல வரிக்கு வரி பதில் வராது. முழு புரோகிராமையும் அடித்து ரன் கொடுக்கணும். ஆனால் பதில் சில நொடிகளில் வந்துவிடும். தப்புன்னா அந்த வரியை மட்டும் மாத்தி மறுபடி ரன்.

1970-ல் டார்ட்மவுத்தின் தலைவரானார். 1972-ல் அந்தக் கல்லூரி முதல் முறையாகப் பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்த்தது அவர் காலத்தில்தான். 1979-ல் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தை விசாரித்த குழுவுக்கும் தலைமை தாங்கினார். தலைவராக இருந்தபோதும் வகுப்பு எடுப்பதை அவர் விடவில்லை. 1992 டிசம்பரில், 66 வயதில் காலமானார்.

ஜூனியர்ஸ், இன்னைக்கே ஷெல்லைத் திறங்க. ஒரு கூட்டல் போடுங்க, ஒரு வேரியபிளுக்கு உங்க பேரைக் கொடுங்க. வேணும்னே ஒரு அடைப்புக்குறியை மாத்திப் போட்டு, சிவப்பா என்ன வருதுன்னு படிச்சுப் பாருங்க. ஒண்ணும் கெட்டுப்போகாது. அடுத்த வரி உங்களுக்காகக் காத்துக்கிட்டுதான் இருக்கும்.