கர்னாலிலிருந்து விண்வெளிக்கு

அரியானா மாநிலத்துக் கர்னால் நகரில் பிறந்தவர் கல்பனா சாவ்லா. சண்டிகர் பஞ்சாப் பொறியியற் கல்லூரியில் விமானப் பொறியியல் கேட்டபோது, அது பெண்ணுக்கு ஏற்றதன்று எனத் தடுத்தனர். அவர் அசையவில்லை. ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கும் தந்தையிடம், பி.எஸ்.சி. இயற்பியலுக்கே வாதாட வேண்டியிருந்த எனக்கு இவ்விடம் நன்கு புரிகிறது. 1982-இல் பட்டம், 1988-இல் அமெரிக்காவில் முனைவர்.

1997-இல் கொலம்பியா விண்கலத்தில் முதற்பயணம். ஸ்பார்ட்டன் என்னும் செயற்கைக்கோளை இயந்திரக் கையால் வெளியே விடுவது அவர் பணி. அது நிலைகுலைந்து சுழலவே, வீரர் இருவர் வெளியே சென்று கையால் பிடித்தனர். பழி கல்பனாமேல் விழுந்தது. ஐந்து மாத விசாரணைக்குப் பின்னரே, பிழை மென்பொருளிலும் நடைமுறையிலும் என்று கூறி நாசா அவரை விடுவித்தது. அம்மாதங்களை எப்படிக் கழித்தாரோ!

நம்மில் பலர் அறியாத செய்தி: அவர் அமெச்சூர் வானொலி உரிமமும் பெற்றவர். அழைப்புக்குறி கே.டி.5 ஈ.எஸ்.ஐ. விண்ணிலிருந்து முதன்முதல் அவ்வானொலியில் பேசியவர் ஓவன் கேரியட். 1983-இல், இதே கொலம்பியாவிலிருந்துதான். இன்று பன்னாட்டு விண்வெளி நிலைய வீரர்கள் இவ்வழியே பள்ளி மாணவரோடு உரையாடுகின்றனர். நிலையம் நம் தலைக்கு மேலே கடக்கையில் அவர்கள் பேசினால், 145.8 மெகாஹெர்ட்சில் நாமும் கேட்கலாம். நண்பர்களே, நம் நாட்டில் 12 வயது நிரம்பியவர் தேர்வெழுதி உரிமம் பெறலாம், பட்டம் வேண்டியதில்லை.

2003 பிப்ரவரி 1. தரையிறங்க 16 நிமிடமே இருக்கையில் கொலம்பியா சிதறியது. எழுவரும் மாண்டனர். நான்கு நாளில் இந்தியா தன் வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 எனப் பெயரிட்டது. அதைக் கண்காணித்த நிலையம் இருப்பது, நம் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்து ஹாசனில்.