பெயரைப் பறிகொடுத்த பேராசிரியர்

இளங்கலை இயற்பியல் படித்த நாளில் வகுப்புத் தோழர்களோடு ஒரு பொறியியல் கல்லூரிக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். வெப்பவியல் ஆய்வகத்தில் நின்ற ஓர் உலோக உருளையைக் காட்டி, இது ஜங்கர்ஸ் கலோரிமானி என்றார் விளக்கம் சொன்ன மாணவர். எனக்கு வியப்பாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் கதைகளில் வானிலிருந்து அலறிக்கொண்டு பாய்ந்து குண்டு வீசும் விமானத்தின் பெயரும் அதுவே அல்லவா? யாரோ இருவர் போலும் என்று எண்ணி வந்துவிட்டேன். ஆண்டுகள் பல சென்ற பின்னரே, பெயர் ஒருவருடையதுதான் என்றும், அந்தக் குண்டுவீச்சு விமானத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்றும் அறிந்தேன். அவருக்கு நான் செய்த பிழைக்கு ஈடாகவே இதை எழுதுகிறேன்.

ஹூகோ யுங்கர்ஸ் (ஜெர்மானியர் நாவில் பெயர் இப்படித்தான் ஒலிக்கும்) 1859 பிப்ரவரி 3 ஆம் நாள் மேற்கு ஜெர்மனியின் ரைட் என்னும் நெசவு நகரில் பிறந்தார். பொறியியல் கற்று, 1888 இல் தெசாவ் நகருக்கு வந்து வாயு எஞ்சின் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். எஞ்சினுக்கு ஊட்டும் வாயு எவ்வளவு வெப்பம் தரும் என்று அளக்க வேண்டியிருந்தது. வாயுவை எரித்து, அதன் சூட்டை ஓடும் நீருக்கு ஏற்றி, நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தார். அதுதான் நான் கண்ட கலோரிமானி. ஓடும் நீர் நொடியில் சூடாகிறது என்றால் அதில் குளிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1895 இல் தொடங்கிய அவருடைய தொழிற்சாலை குளியலறை வெந்நீர்க் கருவிகளைச் செய்து விற்றது. ஆய்வகக் கருவியொன்று வீட்டுக் குளியலறைக்குள் புகுந்த இக்கதை எனக்கு மிகவும் பிடித்தது.

1897 முதல் ஆஃகன் நகரத் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அங்கே சக பேராசிரியர் ரைஸ்னருக்கு விமான ஆராய்ச்சியில் உதவப் போய், ஐம்பது வயதை ஒட்டி அவருக்கும் விமானப் பித்துப் பிடித்தது. அந்நாளைய விமானம் மரச்சட்டமும் துணியும் கம்பிக் கட்டும் கொண்டது. மழையில் ஊறும், தீப்பற்றினால் சாம்பல். முழுதும் உலோகத்தால், கம்பிக்கட்டு இல்லாத இறக்கையோடு விமானம் செய்யலாம் என்றார் யுங்கர்ஸ். இரும்பு பறக்குமா என்று கேட்டவர்களே மிகுதி. 1915 டிசம்பர் 12 இல், பெர்லினுக்கு அருகே, அவருடைய ஜே 1 என்னும் எஃகுத் தகட்டு விமானம் மண்ணை விட்டு எழுந்தது. அப்போது அவருக்கு வயது 56. எடை மிகுதியால் மந்தமாகவே உயர்ந்தது. தகரக் கழுதை என்று பட்டப்பெயரும் வந்தது. கழுதையாயினும் பறந்ததே!

பிறகு எஃகை விடுத்து, டியூராலுமின் என்னும் அலுமினியக் கலவைக்கு மாறினார். மெல்லிய தகடு எளிதில் வளையும். அதையே அலையலையாக மடித்துவிட்டால் விறைத்து நிற்கும். நம் சைக்கிள் கொட்டகைக் கூரைத் தகடு தாங்குவதும் இதனால்தான். அந்த அலைத் தகடே அவர் விமானங்களின் முத்திரையாயிற்று. முதல் உலகப் போரில் கவசம் பூண்ட போர் விமானங்களையும் அவர் ராணுவத்துக்குச் செய்து தந்தார். அதை மறைத்துப் புகழ்வது முறையன்று. ஆனால் போர் ஓய்ந்ததும், 1919 ஜூன் 25 இல், வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு மூன்று நாள் முன்னர், நான்கு பயணிகள் மூடிய அறையில் அமர்ந்து செல்லும் எஃப் 13 பறந்தது. பயணிகளுக்கென்று பிறந்த முதல் முழு உலோக விமானம் அதுவே. அவருடைய டபிள்யூ 33 வகையைச் சேர்ந்த பிரேமன் விமானம், 1928 ஏப்ரலில் அட்லாண்டிக்கை முதன்முதலாகக் கிழக்கிலிருந்து மேற்காக நில்லாமல் கடந்தது.

கண்டுபிடிப்பில் வல்லவருக்குக் கணக்கில் அத்தனை திறமை இல்லை. மாஸ்கோவில் அமைத்த தொழிற்சாலை கடனில் ஆழ்த்தியது. அவருடைய விமானப் போக்குவரத்து நிறுவனம் 1926 இல் கைவிட்டுப் போய் லுஃப்தான்சாவோடு கலந்தது. 1932 இல், தம் ஆராய்ச்சிக்கெல்லாம் சோறு போட்ட வெந்நீர்க் கருவித் தொழிலையே பாஷ் நிறுவனத்துக்கு விற்றார். விமானத் தொழிற்சாலையாவது மிஞ்சியது என்று நினைத்திருப்பார்.

1933 இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். புதிய விமான அமைச்சகத்தின் செயலர் மில்ஷ், ஒரு காலத்தில் யுங்கர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். காப்புரிமைகளைக் கேட்டனர், பின்னர் பங்குகளைக் கேட்டனர். தேசத்துரோக வழக்கு வரும் என்ற மிரட்டலுக்கு முன் முதியவர் கையெழுத்திட்டார். தாம் வளர்த்த தெசாவ் நகருக்குள் நுழையவும் தடை. வீட்டுக் காவலில் இருந்து, 1935 பிப்ரவரி 3 இல், தம் 76 ஆம் பிறந்த நாளன்றே மியூனிக் அருகே கௌட்டிங்கில் காலமானார்.

தொழிலைப் பறித்தவர்கள் பெயரை மட்டும் மாற்றவில்லை. நான் கதைகளில் படித்த யுங்கர்ஸ் 87 குண்டுவீச்சு விமானம் முதலில் பறந்தது அவர் இறந்து ஏழு மாதம் கழித்து, 1935 செப்டம்பரில். 1939 இல் அது போலந்து நகரங்களின் மேல் பாய்ந்தபோது, கீழே நடுங்கியவர்களுக்கு அப்பெயரின் பொருள் வேறாகிவிட்டது. குண்டு செய்த ஊருக்கும் குண்டு வந்தது: 1945 மார்ச் 7 இரவில் தெசாவின் பெரும்பகுதி அழிந்தது. அவருடைய ஜே 1 விமானமும் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்தபடியே 1944 இல் குண்டுக்கு இரையாயிற்று.

இன்று தெசாவில், பழைய தொழிற்சாலை மண்ணிலேயே, அவர் பெயரில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பெரிய பொருள், மூன்று எஞ்சின் கொண்ட யூ 52 விமானம். 1940 ஏப்ரலில் நார்வேயில் நார்விக் அருகே, உறைந்த ஏரியின் மேல் ராணுவத்தினரை இறக்கியது; மீண்டும் எழ முடியாமல், பனி உருகியபோது நீருக்குள் போயிற்று. 46 ஆண்டுகள் அடியில் கிடந்ததை 1986 இல் மேலே கொணர்ந்தனர். அது நிற்கும் அதே கூரையின் கீழ், பேராசிரியரின் வெந்நீர்க் கருவிகளையும் வைத்திருக்கிறார்கள்.