சிசிலி சாண்டர்ஸ்

சிசிலி சாண்டர்ஸ் (ஜூன் 22, 1918 – ஜூலை 14, 2005) இங்கிலாந்தைச் சேர்ந்த செவிலியரும் மருத்துவரும் ஆவார். இறக்கும் தறுவாயிலுள்ள நோயாளிகளைப் பேணும் ஹாஸ்பிஸ் இல்லங்களின் இன்றைய வடிவத்திற்கு வழிகோலியவர். தம் முறைகளுள் பெரும்பாலானவற்றை நோயாளிகளிடமிருந்தே கற்றார்.

வாழ்க்கை

லண்டனை அடுத்த பார்னெட்டில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்ஃபோர்டுப் படிப்பை இடைநிறுத்திச் செவிலியரானார். முதுகுவலியால் அப்பணியைத் தொடர இயலாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக மாறினார். அப்போது டேவிட் டாஸ்மா என்னும் போலந்து யூத அகதி புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். உற்றார் எவருமற்ற அவருடன் சாண்டர்ஸ் நீண்ட நேரம் உரையாடினார். இத்தகையோர் அமைதியாக இறப்பதற்கு ஓர் இல்லம் தேவை என்ற எண்ணம் அவ்வுரையாடல்களில் பிறந்தது. 1948இல் இறந்த டாஸ்மா, அவ்வில்லத்தில் தம் பெயரால் ஒரு சன்னல் அமையட்டும் என்று 500 பவுண்டுகளை விட்டுச் சென்றார். சன்னலைச் சுற்றிக் கட்டடம் எழ 19 ஆண்டுகள் ஆயின.

இறப்போரை மருத்துவர்களே கைவிடுகின்றனர், எனவே மருத்துவம் படிப்பதே வழி என்று ஓர் அறுவை மருத்துவர் அறிவுறுத்தவே, 1957இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

நோயாளிகளிடம் கற்றவை

1958 முதல் ஹாக்னியின் புனித ஜோசப் ஹாஸ்பிஸில் பணியாற்றினார். அக்காலத்தில் நோயாளி வலியால் துடித்த பின்னரே மார்ஃபின் கொடுப்பது வழக்கம். பழக்கத்திற்கு அடிமையாகிவிடுவர் என்ற அச்சமே காரணம். வலி திரும்புமுன் குறித்த நேரங்களில் மருந்தளிக்கும் முறையைச் சாண்டர்ஸ் அங்கு கொண்டுவந்தார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளைத் தொகுத்தார். பலரது பேச்சை ஒலிப்பதிவும் செய்தார். வலியைப் பற்றிக் கேட்கப்பட்ட பெண் ஒருவர், முதுகில் தொடங்கிய நோவைச் சொல்லி, வேலைக்குச் செல்லாமல் தம்மைப் பார்த்துக்கொண்ட கணவனும் மகனும் இழந்த ஊதியத்தையும் சேர்த்தே சொன்னார். உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் ஆகியவற்றின் துன்பங்களைப் பிரிக்க இயலாது என்னும் 'முழுவலி' கருத்தை 1960களில் இவர் வகுத்தமைக்கு இத்தகைய விடைகளே அடிப்படை.

புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ்

தென் லண்டனின் சிடனம் பகுதியில் 1967இல் இதனை நிறுவினார். 1969இல் வீடுகளுக்கே சென்று பேணும் சேவையும் தொடங்கிற்று. டயமார்ஃபினே சிறந்தது என்று இவர் கருதியிருந்தார். அங்கு இராபர்ட் ட்வைக்ராஸ் நடத்திய ஆய்வு, வாய்வழி மார்ஃபினும் ஏறத்தாழ அதே பயனைத் தரும் எனக் காட்டியதும் அம்முடிவை ஏற்றார். டயமார்ஃபின் தடை செய்யப்பட்ட நாடுகளுக்கு இது பெரும் உதவியாயிற்று.

கருணைக்கொலையை இறுதிவரை எதிர்த்தார். 1981இல் டெம்பிள்டன் பரிசும், 1989இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதும் பெற்றார். மார்பகப் புற்றுநோயால், தாம் நிறுவிய இல்லத்திலேயே நோயாளியாக இருந்து காலமானார்.