ஜனாதிபதிகளுக்குக் கடிதம் எழுதிய பேராயர்

பாரிய மனித உரிமை மீறல்கள் குறித்த உண்மையை அறிந்துகொள்ளும் உரிமைக்கான சர்வதேச தினமாக மார்ச் 24ஆம் திகதியை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010ஆம் ஆண்டில் பிரகடனம் செய்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் புகைப்படங்களை நெஞ்சோடு அணைத்தவாறு வீதியோரங்களில் அமர்ந்திருக்கும் தாய்மாரைக் கண்டு பழகிய நம் நாட்டு வாசகர்களுக்கு அத்தினத்தின் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை. ஆனால், ஆண்டின் 365 நாட்களில் அந்த ஒரு நாள் ஏன் தெரிவு செய்யப்பட்டது என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே. 1980ஆம் ஆண்டு அதே திகதியில், எல் சல்வடோர் நாட்டின் தலைநகரில் உள்ள ஒரு புற்றுநோய் வைத்தியசாலையின் சிற்றாலயத்தில் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்த பேராயர் ஒஸ்கார் அர்னுல்போ ரொமேரோ சுட்டுக்கொல்லப்பட்டார்.

எல் சல்வடோர் நிலப்பரப்பில் இலங்கையின் மூன்றிலொரு பங்களவேயான சிறிய தேசம். அதன் செல்வம் கோப்பி. அக்கோப்பி விளையும் நிலமோ, பதினான்கு குடும்பங்கள் என்று அந்நாட்டு மக்களால் அழைக்கப்பட்ட ஒரு சிறு கூட்டத்தினரின் கையில் இருந்தது. 1932இல் நிலமற்ற விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது இராணுவம் பல்லாயிரக்கணக்கானோரைக் கொன்று குவித்தது. பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வரை எனக் கணக்குகள் வேறுபடுகின்றன. அதன் பின்னர் அரை நூற்றாண்டு காலம் படை அதிகாரிகளே மாறிமாறி ஜனாதிபதிகளாயினர். தேர்தல்கள் நடைபெறத்தான் செய்தன. முடிவுகள் முன்கூட்டியே தெரிந்திருந்தன.

இத்தகைய நாட்டில், சியுதாத் பாரியோஸ் என்னும் மலைநாட்டுச் சிற்றூரில், தபால் தந்தி அலுவலகப் பொறுப்பாளர் ஒருவரின் மகனாக 1917 ஓகஸ்ட் 15ஆம் திகதி ரொமேரோ பிறந்தார். சிறுவயதில் தச்சுத் தொழில் பழக அனுப்பப்பட்டார். பதின்மூன்று வயதளவில் குருமடம் புகுந்து, பின்னர் ரோமாபுரியில் கற்று, உலகப்போரின் நடுவே 1942இல் அங்கேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தாயகம் திரும்பி, சன் மிகுவேல் நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குப் பணியாற்றினார். கூச்ச சுபாவமுள்ளவர், ஒழுங்கில் கண்டிப்பானவர், புத்தகங்களோடு வாழ்ந்தவர். செல்வந்தரின் இல்லங்களில் அவருக்கு நல்வரவு இருந்தது. அவர்களிடம் பெற்றதை அவர் ஏழைகளுக்குக் கொடுத்தார். ஆனால் ஏழைகள் ஏன் ஏழைகளாக இருக்கின்றனர் என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை.

1970இல் தலைநகரின் துணை ஆயரானபோதும் அவர் பழைமைவாதியாகவே கருதப்பட்டார். திருச்சபையின் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து, இயேசு சபையினரின் பாடசாலையொன்று மாணவருக்கு மார்க்சியம் போதிக்கிறது என்ற பொருள்பட எழுதியவர் அவர். அந்நாட்களில் லத்தீன் அமெரிக்கா எங்கும் பரவிய விடுதலை இறையியலை அவர் ஐயத்தோடு நோக்கினார். 1974இல் சந்தியாகோ டி மரியா மறைமாவட்டத்தின் ஆயரானார். மறு ஆண்டு ஜூனில், அவரது ஆளுகைக்குட்பட்ட த்ரெஸ் காயெஸ் கிராமத்தில் தேசியக் காவற்படையினர் நள்ளிரவில் புகுந்து விவசாயிகளைக் கொன்றனர். ஆயர் அங்கு சென்றார்; உறவினரைத் தேற்றினார்; ஜனாதிபதி கேர்ணல் மொலினாவுக்குக் கடிதம் எழுதினார். அது அந்தரங்கக் கடிதம். ஜனாதிபதி தமக்கு அறிமுகமானவர் ஆகையால், பகிரங்கமாகப் பேசுவதிலும் காதோடு சொல்வது பயன்தரும் என்று அவர் நம்பினார். பயன் எதுவும் விளையவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டியுள்ளது. ஆட்சியாளரோடு உறவைப் பேணினால்தான் மக்களுக்கு எதையேனும் பெற்றுக்கொடுக்கலாம் என்ற வாதம் எல்லா மதத் தலைமைகளிடமும் உண்டு. அது எப்போதும் கோழைத்தனத்தின் மறுபெயரும் அன்று. சில வேளைகளில் ஒரு கைதி விடுதலையாவதும், ஒரு சோதனைச்சாவடி அகற்றப்படுவதும் அவ்வாறுதான் நிகழ்கின்றன. ரொமேரோவும் அதனை நேர்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கை அவரிடத்தில் எவ்வாறு உடைந்தது என்பதே அவரது வாழ்க்கையின் உயிர்நாடி என்பது எமது கருத்து.

1977 பெப்ரவரியில் அவர் சன் சல்வடோரின் பேராயராக நியமிக்கப்பட்டபோது நிலவுடைமையாளர் மகிழ்ந்தனர். கிராமங்களில் பணியாற்றிய குருமார் சோர்ந்தனர். அவர்கள் எதிர்பார்த்தது ரிவேரா இ டமாஸ் என்னும் மற்றோர் ஆயரை. பேராயர் பதவியேற்ற அதே வாரத்தில் மோசடியான ஒரு தேர்தலில் ஜெனரல் கார்லோஸ் ஹம்பேர்ட்டோ ரொமேரோ வெற்றிபெற்றதாக அறிவிக்கப்பட்டது. (பெயர் ஒற்றுமையன்றி இருவருக்கும் உறவில்லை.) அதை எதிர்த்துத் தலைநகரின் சதுக்கத்தில் கூடியோர் மீது பெப்ரவரி 28இல் படையினர் சுட்டனர். பன்னிரண்டு நாட்களின் பின், மார்ச் 12ஆம் திகதி, அகிலாரெஸ் பங்கின் குரு ருட்டிலியோ கிராண்டே, எல் பைஸ்னால் கிராமத்தில் திருப்பலி நிறைவேற்றச் செல்லும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். உடன்சென்ற ஒரு முதியவரும் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனும் மாண்டனர். கரும்புத் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டியதே கிராண்டே செய்த குற்றம். அவர் பேராயரின் நெருங்கிய நண்பர். 1970இல் ஆயர் திருநிலைப்பாட்டு விழாவை நெறிப்படுத்தியவரும் அவரே.

அன்றிரவு அம்மூன்று உடல்களின் முன்னே நின்றபோது ரொமேரோ ஒரே நொடியில் மாறிவிட்டார் என்று கதை சொல்வோர் உளர். நாம் அதனை முழுமையாக ஏற்கவில்லை. த்ரெஸ் காயெஸ் கொலைகளையும், கோப்பி பறிக்கும் பருவத்தில் இரவுக் குளிரில் வீதியில் உறங்கிய தொழிலாளரையும் அவர் ஏற்கெனவே கண்டிருந்தார். அத்தொழிலாளர் தங்குவதற்கு மறைமாவட்டக் கட்டடங்களைத் திறந்தும் விட்டிருந்தார். நண்பரின் மரணம், அவருள் ஏற்கெனவே முதிர்ந்திருந்த ஒன்றை வெளிக்கொணர்ந்தது என்பதே பொருத்தம்.

எவ்வாறாயினும், அதன் பின்னர் அவர் எடுத்த முடிவுகள் அவரைப் பேராயராக்கியோரைத் திகைக்கவைத்தன. கொலைகள் விசாரிக்கப்படும் வரை அரச வைபவம் எதிலும் தாம் பங்குபற்றப் போவதில்லை என அறிவித்தார். ஜூலை முதலாம் திகதி புதிய ஜனாதிபதியின் பதவியேற்பில் பேராயரின் ஆசனம் வெறுமையாக இருந்தது. அதற்கு முன்னர், மார்ச் 20ஆம் திகதி ஞாயிறன்று, மறைமாவட்டத்தின் ஏனைய திருப்பலிகள் யாவற்றையும் நிறுத்தி, பேராலயத்தில் ஒரேயொரு திருப்பலி மட்டும் நடைபெறப் பணித்தார். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு இதன் கனதியை உணர்த்த, ஒரு நகரின் எல்லாப் பள்ளிவாசல்களினதும் ஜும்ஆவை ஒரே இடத்தில் நடத்துவதற்கு அதனை ஒப்பிடலாம். வத்திக்கான் தூதுவர் கடுமையாக எதிர்த்தார். சுமார் ஒரு இலட்சம் பேர் திரண்டனர்.

அவரது ஆயுதம் வானொலி. வை.எஸ்.ஏ.எக்ஸ். என்னும் திருச்சபை வானொலியில் ஞாயிறுதோறும் அவரது மறையுரை ஒலிபரப்பாயிற்று. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் நீளும் அவ்வுரையைக் குடிசைகளிலும் சந்தைகளிலும் மக்கள் கூடியிருந்து கேட்டனர். முதலில் வேத விளக்கம் இடம்பெறும். பின்னர் அவ்வாரத்தின் நிகழ்வுகள். எந்தக் கிராமத்தில் எவர் கைது செய்யப்பட்டார், எவரது சடலம் எந்த வீதியோரத்தில் கிடந்தது, எந்தத் தாய் மகனைத் தேடி எந்தப் படைமுகாமின் வாசலில் நிற்கிறாள் என, பெயர், ஊர், திகதியுடன் வாசிப்பார். தணிக்கைக்கும் அச்சத்துக்கும் ஆட்பட்டுப் பத்திரிகைகள் வெளியிடாதவை அவை. மறைமாவட்டத்தின் சட்ட உதவி அலுவலகம் முறைப்பாடுகளை ஆராய்ந்த பின்னரே அவை அவர் கைக்கு வரும். பத்திரிகைத் தொழிலில் இருப்போர் என்ற வகையில், இந்தச் சரிபார்க்கும் பழக்கத்தை நாம் மிகவும் மதிக்கின்றோம். அரசு அவரைப் பொய்யர் என்று ஏசியது. ஆனால் அவர் வாசித்த பெயர்களை மறுத்து நிரூபிக்க முன்வரவில்லை.

அரச படைகளை மட்டுமே அவர் கண்டித்தார் என்பதும் உண்மையன்று. 1977இல் இடதுசாரிக் கெரில்லாக்கள் வெளிநாட்டமைச்சர் பொர்கொனோவோவைக் கடத்திக் கொன்றபோது அச்செயலைப் பகிரங்கமாகக் கண்டித்து, அவரது இறுதிச் சடங்கிலும் பங்குபற்றினார். அக்கொலைக்குப் பழிவாங்கலாக, அல்போன்சோ நவாரோ என்னும் குரு கொல்லப்பட்டார். அதே மாதம் அகிலாரெஸ் நகரைச் சுற்றிவளைத்த இராணுவம் ஆலயத்தைப் படைமுகாமாக்கியது. ஒரு மாதத்தின் பின் அங்கு சென்ற பேராயர் திருப்பலி முடிந்து ஊர்வலம் புறப்பட்டபோது, சதுக்கத்தில் நின்ற படையினர் துப்பாக்கிகளை உயர்த்தினர். முன்வரிசையினர் தயங்கித் திரும்பிப் பார்த்தனர். பின்னால் வந்துகொண்டிருந்த பேராயர், நில்லாது செல்லுமாறு பணித்தார். ஊர்வலம் சென்றது.

அவரை அதிகம் வருத்தியது படையினரின் துப்பாக்கியன்று. சகோதர ஆயர்களின் பேனா என்றே கூறவேண்டும். நாட்டின் ஆயர்களுள் ரிவேரா இ டமாஸ் தவிர்ந்த ஏனையோர் அவருக்கெதிராக நின்று, அவர் மதத்தை அரசியலாக்குவதாக ரோமாபுரிக்கு எழுதினர். அங்கிருந்து வந்த பார்வையாளர் ஒருவர், அவரது அதிகாரங்களை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம் எனப் பரிந்துரைத்தார். 1979 மே மாதத்தில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரைச் சந்திக்கச் சென்றபோது, கொலைகள் பற்றிய ஆவணங்களைக் கட்டாக எடுத்துச் சென்றார். அரசாங்கத்தோடு இணக்கமாக நடந்துகொள்ளுமாறு அவருக்கு அறிவுரை கிடைத்தது. இரவுகளில் ஒலிநாடாவில் பதிவுசெய்துவந்த நாட்குறிப்பில் அந்தச் சந்திப்பு அவரைச் சோர்வடையச் செய்தமை தெரிகின்றது.

1979 ஒக்டோபர் 15இல் இளம் அதிகாரிகள் ஜெனரல் ரொமேரோவைக் கவிழ்த்துச் சீர்திருத்தங்களை வாக்களித்தனர். பேராயர் அவர்களுக்கு அவகாசம் கொடுத்தார். இது அவருடைய தவறு என்று இடதுசாரிகள் சினந்தனர். காணாமற்போனோரின் தாய்மாரும் அவரோடு முரண்பட்டனர். அவர்களின் சினம் நியாயமானதே. கொலைகள் குறையவில்லை, பெருகின. சில மாதங்களிலேயே சீர்திருத்தவாதிகள் பதவி விலகினர்.

இந்நிலையில் அமெரிக்கா அந்நாட்டு ஆட்சிக்குழுவுக்கு இராணுவ உதவி வழங்கத் தயாராகியது. அவ்வேளை மனித உரிமைகளைத் தமது வெளிநாட்டுக் கொள்கையின் அடித்தளமாக அறிவித்திருந்த ஜனாதிபதி ஜிம்மி கார்டருக்கு 1980 பெப்ரவரி 17ஆம் திகதி ரொமேரோ ஒரு கடிதம் எழுதினார். கார்டர் ஒரு கிறிஸ்தவர் என்பதையும் மனித உரிமைகளைக் காக்க விரும்புவதாக அவர் கூறியதையும் நினைவூட்டி, அவ்வுதவி மக்களை ஒடுக்கவே பயன்படும் என்று எச்சரித்து, அதனை நிறுத்துமாறு கோரினார். மொலினாவுக்கு எழுதியது போன்று இது அந்தரங்கமானதன்று. ஞாயிறு மறையுரையில் மக்கள் முன் வாசித்து, அவர்களின் கரகோஷத்தின் பின்னரே அதனை அனுப்பினார். சில மணித்தியாலங்களுள் வானொலி நிலையத்தின் ஒலிபரப்புக் கருவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. வொஷிங்டனிலிருந்து மரியாதையான பதில் வந்தது. 57 இலட்சம் டொலர் பெறுமதியான உதவியும் பின்னர் வந்தது.

மார்ச் மாதத்தில் அவர் திருப்பலி நிறைவேற்றிய ஆலயத்தில் வெடிக்காத டைனமைட் பெட்டியொன்று கண்டெடுக்கப்பட்டது. அரசு தரமுன்வந்த பாதுகாப்பை அவர் ஏற்கவில்லை. மக்களுக்கு இல்லாத பாதுகாப்பு மேய்ப்பருக்கு எதற்கு என்பது அவர் நிலைப்பாடு. மார்ச் 23 ஞாயிறன்று, மறையுரையின் இறுதியில், முதல் தடவையாகச் சாதாரண சிப்பாய்களை நோக்கி நேரடியாகப் பேசினார். அவர்கள் கொல்வது தம் சொந்தச் சகோதரரையே என்றும், கடவுளின் கட்டளைக்கு மாறான எந்த உத்தரவுக்கும் படைவீரன் பணியக் கடமைப்பட்டவனல்லன் என்றும் கூறி, ஒடுக்குமுறையை நிறுத்துமாறு கட்டளையிட்டார். ஆட்சியாளர் தம் மீதான விமர்சனத்தைப் பொறுக்கலாம். தம் படை தமக்குக் கீழ்ப்படியாதிருப்பதைப் பொறுக்க மாட்டார்கள்.

மறுநாள் மாலை, பத்திரிகை வெளியீட்டாளர் ஒருவரின் தாயாருக்கான ஆண்டு நினைவுத் திருப்பலி. அது பத்திரிகைகளில் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. மறையுரையை முடித்துப் பீடத்தருகே நின்ற அவரை, சிவப்பு நிற வொக்ஸ்வாகன் கார் ஒன்றிலிருந்து வந்த ஒரேயொரு தோட்டா வீழ்த்தியது. அவருக்கு வயது 62. மார்ச் 30ஆம் திகதி நடைபெற்ற இறுதிச் சடங்கிலும் குண்டுவெடித்து, துப்பாக்கிச்சூடும் நெரிசலும் ஏற்பட்டு, முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின் 1992 ஜனவரி வரை நீடித்த உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் மாண்டனர்.

கொலையை விசாரித்த நீதிபதி சில நாட்களிலேயே தமது வீட்டில் தாக்கப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். 1980 மே மாதத்தில் கைதான முன்னாள் மேஜர் ரொபேர்ட்டோ டி ஓபுய்சோன் விரைவிலேயே விடுவிக்கப்பட்டு, மறு ஆண்டு அரீனா என்னும் கட்சியைத் தொடங்கினார். அது 1989 முதல் இருபது ஆண்டுகள் நாட்டை ஆண்டது. கொலைக்கு உத்தரவிட்டவர் அவரே என ஐ.நா. உண்மை ஆணைக்குழு 1993 மார்ச் 15ஆம் திகதி அறிவித்தபோது அவர் இறந்து ஓராண்டு கடந்திருந்தது. அறிக்கை வெளியாகி ஐந்தே நாட்களில் பாராளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்ய 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2004இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியியல் நீதிமன்றமொன்று, அல்வாரோ சராவியா என்னும் முன்னாள் கப்டன் இக்கொலைக்குப் பொறுப்பாளி எனத் தீர்ப்பளித்து ஒரு கோடி டொலர் நட்டஈடு விதித்தது. குற்றவியல் நீதிமன்றம் எதுவும் எவரையும் தண்டிக்கவில்லை.

திருச்சபையும் தாமதித்தது. அவர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டாரா, அரசியலுக்காகக் கொல்லப்பட்டாரா என்று ரோமாபுரியில் ஆண்டுக்கணக்கில் விவாதித்துக்கொண்டிருந்தனர். கொன்றவர்களும் ஞாயிறுகளில் ஆலயத்துக்குச் செல்லும் கத்தோலிக்கராக இருந்ததே சிக்கல். அங்கிலிக்கன் திருச்சபையினர் காத்திராமல் 1998இலேயே இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய முகப்பில் அவருக்குச் சிலை வைத்தனர். 2018 ஒக்டோபர் 14ஆம் திகதி அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்த பாப்பரசர் பிரான்சிஸ், இரத்தக்கறை படிந்த ரொமேரோவின் இடைக்கச்சையை அணிந்திருந்தார்.

வைத்தியசாலை வளாகத்தில் கன்னியாஸ்திரிகள் அவருக்கு அமைத்துக்கொடுத்த சிறு வீடு இன்று நினைவில்லமாக உள்ளது. அவரது தட்டச்சுப் பொறியும், ஒலிப்பதிவுக் கருவியும், தோட்டா துளைத்த திருவுடையும் அங்கு வைக்கப்பட்டிருக்கின்றன.